ரெண்டு வாரத்துல எத்தனை நாள்?

பசுவந்தனைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். கோவில்பட்டியில் பஸ் பிடித்து ஜன்னலோரம் உட்கார்ந்தால் வழி நெடுக இரண்டு பக்கமும் கரிசல்தான். மழை விழுந்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். காய்ந்தால் கால் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். நடுத்தரமாக நடந்துகொள்ளத் தெரியாத மண்!

தாலி கட்டி முடிந்து, பந்திக்குக் காத்திருந்த நேரம். பக்கத்து வீட்டுத் திண்ணையில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கலாம். தீப்பெட்டி ஆபீஸில் வேலை. மழைக்காலம் வந்தால் காட்டு வேலை. நான் பத்திரிகையில் எழுதுகிறவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "அண்ணாச்சி, ஒரு நிமிசம் இருங்க" என்று உள்ளே போனவர் ஒரு பிளாஸ்டிக் கவருடன் வந்தார். ரேஷன் கார்டு, ஆதார், குழுக் கடன் பாஸ்புக் எல்லாம் ஒன்றாகப் போட்டு வைத்திருக்கிற கவர். அதிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்தார்.

"இது எதுக்குள்ள பேப்பருன்னு பாத்துச் சொல்லுங்க. பணம் கிணம் வருமா?"

பிரித்துப் படித்தேன். 2021-ம் வருடத் தேதி போட்டிருந்தது. கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில் நலிவுற்ற பிரிவினரின் மனநலம் பற்றிய ஆய்வாம். ஆய்வில் பங்கேற்பவருக்குத் தருகிற தகவல் தாள். எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். ஒரு நிறுவனத்தின் பழக்கமல்ல இது. ஒரு வர்க்கத்தின் பழக்கம். தாளில் ஒரு வரி: இந்த ஆய்வில் பங்கேற்பதால் தங்களுக்கு நேரடிப் பயன் ஏதும் இல்லை. கடைசியில், சந்தேகம் இருந்தால் தொடர்பு கொள்ள ஒரு செல்போன் எண்.

"பணமெல்லாம் வராது தாயி. உங்க மனசு எப்படி இருக்குன்னு கேட்டு எழுதிட்டுப் போயிருக்காங்க."

"நலிவுற்றன்னா என்ன?"

"கஷ்டப்படுறவங்க."

"அதுக்கு இம்புட்டுப் பெரிய வார்த்தையா?" என்று சிரித்தார்.

என்னவெல்லாம் கேட்டார்கள் என்று விசாரித்தேன். நாலு வருஷம் ஆகியும் அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "ஒரு பிள்ள வந்துச்சு அண்ணாச்சி. கையில சிலேட்டு கணக்கா ஒண்ணு. அதத் தடவித் தடவிக் கேட்டுச்சு. போன ரெண்டு வாரத்துல எத்தன நாளு தூக்கம் வராம இருந்தீகன்னு. ரெண்டு நாளுன்னேன்."

"எந்த ரெண்டு நாள்?"

"ரெண்டு புதன்கிழமையும்."

வியாழக்கிழமை குழுக் கடன் டியூ.

நீங்கள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். அந்தப் பெண் கையில் வைத்திருந்தது உலகம் முழுக்கப் பயன்படுத்தப்படும் ஒரு கேள்வித்தாள். அமெரிக்காவில், டாக்டரிடம் வருகிற நோயாளிக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று சீக்கிரம் தெரிந்துகொள்வதற்காக 1999-ல் வந்தது. பெயர் பி.ஹெச்.க்யூ-9. ஒன்பது கேள்வி. ஒவ்வொன்றும் கடந்த இரண்டு வாரத்தைப் பற்றியது. ‘இல்லவே இல்லை’ என்றால் பூஜ்யம். ‘சில நாட்கள்’ என்றால் ஒன்று. பாதி நாளுக்கு மேல் என்றால் இரண்டு. அநேகமாக தினமும் என்றால் மூன்று. மொத்தம் 27 மார்க். பத்தைத் தொட்டால் கவனிக்க வேண்டிய கேஸ்.

ஆஸ்பத்திரியில் அது நல்ல கருவிதான். நான் குறை சொல்லவில்லை. ஆனால் பசுவந்தனைத் திண்ணையில் என்ன ஆகிறது பாருங்கள். பதினாலு நாளில் இரண்டு நாள் தூக்கம் இல்லை. ‘சில நாட்கள்.’ ஒரு மார்க். அவ்வளவுதான்! அந்தத் தூக்கமின்மை காலண்டரைப் பார்த்து, சரியாக புதன்கிழமை ராத்திரிதான் வருகிறது என்பதை எழுத அந்த சிலேட்டில் இடமில்லை. அந்த அம்மாவின் மனநலத்தைப் பற்றிய மிக முக்கியமான தகவல் அதுதான். அது மட்டும் விட்டுப்போயிற்று.

"அப்புறம் பசிக்கலியா, இல்ல கூடச் சாப்பிடுதீகளான்னு கேட்டுச்சு. சோறு இருந்தா பசிக்கும் தாயி, இல்லாட்டிப் பசிக்காதுன்னேன். என்னமோ ஒண்ண அமுக்கிக்கிடுச்சு."

எதை அமுக்கியிருக்கும் என்று நானும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அடுத்து அந்தப் பெண் கேட்டிருக்கிறார்: இதெல்லாம் கோவிட் வந்த பிறகுதானா, அதற்கு முன்பே இருந்ததா?

இந்தக் கேள்வியில்தான் எனக்குக் கோபம் வருகிறது. கரிசல் காட்டில் எந்தக் கஷ்டமும் தனியாக வருவதில்லை. ஒன்றின் தோள்மேல் ஏறித்தான் அடுத்தது வரும். 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் அறுபது சதவீதத்துக்கு மேல் குறைந்தது. மானாவாரிக் காட்டில் விதைத்த உளுந்தும் பாசியும் முளையிலேயே கருகிக்கொண்டிருந்த அதே நவம்பரில், எட்டாம் தேதி ராத்திரி, 500 ரூபாயும் 1,000 ரூபாயும் செல்லாது என்றார்கள். காட்டில் விளைச்சல் இல்லை, கூலி கொடுக்கிறவரிடம் நோட்டு இல்லை. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. அந்த வருடம் வாங்கிய கடனை அடைக்க மக்காச்சோளம் போட்டவர்களுக்கு 2018-ல் படைப்புழு வந்தது. அமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்கா வழியாக இந்தியா வந்த புழு. குருத்துக்குள் உட்கார்ந்து தின்றது. சரி, காடு கைவிட்டால் தீப்பெட்டி ஆபீஸ் இருக்கிறதே என்றால், 2020 மார்ச் 25-லிருந்து அதுவும் பூட்டு. திறந்த பிறகு மெழுகு, அட்டை, குளோரேட் விலையெல்லாம் ஏற, 2021 டிசம்பர் 1 முதல் தீப்பெட்டி ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயானது. பதினாலு வருடத்துக்குப் பிறகு ஏறிய விலை. அதற்குள் சீன லைட்டர் கடைகளில் தொங்க ஆரம்பித்துவிட்டது. பெட்டி அடைக்கிற வேலை வாரத்தில் நாலு நாள், மூன்று நாள் என்று ஆனது. அதையும் தாண்டி 2023-ல் விதைத்தவர்களுக்கு டிசம்பர் 17, 18-ல் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ! தூத்துக்குடி மாவட்டத்தின் ஒரு வருடச் சராசரி மழையைவிட அது அதிகம். கரிசலில் தண்ணீர் நின்றால் வடியாது. காய் பிடித்த உளுந்து செடியிலேயே முளைத்தது.

இதில் எது கோவிட்? எது வறட்சி? அந்த அம்மா மூன்று கடன் வைத்திருக்கிறார். வறட்சிக் கடனை அடைக்க ஒரு குழுக் கடன். ஊரடங்கில் அந்த டியூ கட்ட இன்னொரு குழுக் கடன். வெள்ளத்துக்குப் பிறகு மூன்றாவது. ஊரடங்கின்போது கடன் தவணையைத் தள்ளிப்போடலாம் என்று ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை சலுகை அறிவித்ததே, ஞாபகம் இருக்கிறதா? "அப்படி ஒண்ணு இருந்துச்சா?" என்று என்னிடமே கேட்கிறார். வசூல் பையன் ஜூனிலேயே வந்து இதே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான்.

இவரிடம் போய் கோவிட் துக்கத்தை மட்டும் தனியாகப் பிரித்துக் கொடுங்கள் என்றால், கஞ்சியிலிருந்து உப்பைப் பிரித்துத் தரச் சொல்வது மாதிரிதான். ஆனால் ஆராய்ச்சிக்குப் பணம் அப்படித்தான் வருகிறது. கோவிட் காசில் வந்தவர் கடனைப் பற்றிக் கேட்கமாட்டார். வெள்ளக் காசில் வருகிறவருக்கு கோவிட் பழங்கதை. 2024 தொடக்கத்தில் இதே தெருவுக்கு வேறொரு குழு வேறொரு தாளோடு வந்துபோயிருக்கிறது. முன்னால் வந்தவர்கள் என்ன எழுதினார்கள் என்று இவர்களுக்குத் தெரியாது. அந்த அம்மா மறுபடி முதலிலிருந்து சொல்லியிருக்கிறார்.

‘அப்படியானால் ஆராய்ச்சியே வேண்டாம் என்கிறீர்களா? சோறு கொடுங்கள், சர்வே வேண்டாம் என்கிறீர்களா?’ என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. ஆராய்ச்சி இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் நாம் பார்த்தவர்கள்தானே.

2016 டிசம்பரிலும் 2017 ஜனவரியிலும் தமிழ்நாட்டில் விவசாயிகள் வரிசையாகச் செத்தார்கள். சிலர் தாங்களே முடித்துக்கொண்டார்கள். சிலர் கருகிய பயிரைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்கள். தேசிய மனித உரிமை ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. ஏப்ரலில் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் என்ன சொன்னது தெரியுமா? வறட்சியால் எந்த விவசாயியும் தற்கொலை செய்துகொள்ளவில்லையாம். இறந்தவர்கள் சொந்தக் காரணங்களால் இறந்தார்களாம்!

சொந்தக் காரணம். கவனியுங்கள், இந்த வார்த்தையை. கேள்வித்தாள் சொல்வதும் கிட்டத்தட்ட அதையேதான். அரசு ‘உன் சொந்த விஷயம்’ என்கிறது. சர்வே ‘உன் மூளையில் சோர்வு’ என்கிறது. மழை, வட்டி, கூலி, கொள்முதல் விலை எல்லாம் சாட்சிக் கூண்டில் ஏறாமலேயே தப்பித்துவிடுகின்றன.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ம் வருடக் கணக்கைப் புரட்டிப் பாருங்கள். இந்தியா முழுக்க 1,70,924 தற்கொலைகள். அதில் 44,713 பேர் தினக்கூலிகள். கால் பங்குக்கு மேல்! இல்லத்தரசிகள் 25,309 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 19,834. மகாராஷ்டிராவுக்கு அடுத்து நாம்தான். காரணம் என்ற கட்டத்தில் முதலிடம் எதற்கு? ‘குடும்பப் பிரச்னை.’ ஸ்டேஷனில் எழுதுகிறவருக்கு அது வசதியான வார்த்தை. டியூ கட்டாததால் வீட்டு வாசலில் நாலு பேர் முன்னால் அவமானப்பட்டு, அதனால் புருஷன் கத்தி, அதனால் நடந்தது என்றால், அது குடும்பப் பிரச்னைதானே! கடன் வசூலில் மிரட்டலைத் தடுக்க 2025-ல் தமிழகச் சட்டமன்றம் சட்டமே போட வேண்டிவந்தது. போடட்டும். ஆனால் எத்தனை ‘குடும்பப் பிரச்னை’க்குள் வட்டிப் பிரச்னை ஒளிந்திருக்கிறது என்று எண்ணியவர்கள் யார்?

எண்ண முடியாதா என்ன? எண்ணியிருக்கிறார்கள். இதே தமிழ்நாட்டில்.

வேலூருக்குப் பக்கத்தில் கணியம்பாடி ஒன்றியம். ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகமான ஜனம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் சமூக நலப் பிரிவு அந்தக் கிராமங்களில் பல வருடங்களாகவே வேலை செய்துவந்தது. ஒவ்வொரு ஊருக்கும் அந்தப் பகுதிப் பெண்களே சுகாதாரப் பணியாளர்கள். பிறப்பு, இறப்பு எதுவும் அவர்களுக்குத் தெரியாமல் நடக்காது. ஒரு சாவு விழுந்தால் அந்த வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, பேசி, உண்மையில் எப்படி இறந்தார் என்று விசாரித்து எழுதினார்கள். 1994-லிருந்து 1999 வரை அப்படி எழுதியதைக் கூட்டிப் பார்த்தபோது, வருடத்துக்கு லட்சம் பேரில் சராசரியாக 95 பேர் தற்கொலை செய்துகொண்டிருந்தார்கள். அப்போது தேசிய அளவில் அரசாங்கக் கணக்கு லட்சத்துக்குப் பதினொன்று சொச்சம்! 2003-ல் இந்த ஆய்வு வெளியானது. அடுத்த வருடம் பத்திலிருந்து பத்தொன்பது வயதுப் பிள்ளைகளைப் பற்றி மட்டும் தனியாக ஓர் ஆய்வு. அதில் பெண் பிள்ளைகள் லட்சத்துக்கு 148. படித்துவிட்டு எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

அந்த ஆய்வு எப்படி சாத்தியமாயிற்று? கருவி உசத்தி என்பதாலா? இல்லை. கேட்ட பெண் அந்தப் பக்கத்துப் பெண். நேற்றும் வந்தாள், அடுத்த வாரமும் வருவாள். தடுப்பூசி போட வந்தவளிடம் மறைக்க மாட்டார்கள். சிலேட்டோடு வந்தவளிடம் மறைப்பார்கள்.

அதே மாதிரி, கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் வட்டாரத்தில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் பார்த்தது, பூச்சி மருந்து வீட்டுக்குள் இருப்பதே உயிருக்கு உலை என்பதை. இரண்டு கிராமங்களில் பொது இடத்தில் பூட்டிய லாக்கர் பெட்டிகள் வைத்து, மருந்தை அங்கேதான் வைக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். சாவுகள் குறைந்தன. 2013-ல் அந்த முடிவுகள் வெளியாயின. கேள்வி கேட்டதோடு போகாமல் ஒரு சாவியைக் கையில் கொடுத்த ஆராய்ச்சி!

இதற்கு நேர் எதிரானது எது என்றால், 2020-ல் ஊரடங்கு போட்ட உடனே வாட்ஸ்அப்பில் பறந்த சர்வேக்கள். அந்த ஏப்ரலில் மனநல மருத்துவர்களின் அகில இந்தியச் சங்கம் ஆன்லைனில் நடத்திய ஆய்வில் 1,685 பேரின் பதில்களை எடுத்துக்கொண்டார்கள். ஐந்தில் இரண்டு பேருக்குப் பதற்றமோ மனச்சோர்வோ இருந்தது. ஆத்திர அவசரத்துக்கு அது ஒரு கணக்கு, தப்பில்லை. ஆனால் ஸ்மார்ட்போன் வைத்திருந்து, லிங்க்கைத் தட்டி, படிவத்தைப் பூர்த்தி செய்யத் தெரிந்தவர்களின் மனசு அது. தீப்பெட்டி ஆபீஸ் பெண்ணுக்கு அந்த லிங்க் வரவில்லை. வந்திருந்தாலும் போன் புருஷன் சட்டைப் பையில் இருந்திருக்கும்.

நான் யோக்கியன் போல எழுதிக்கொண்டே போகிறேன். ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

2005 ஜனவரியில் நாகப்பட்டினம் போயிருந்தேன். சுனாமி வந்து மூன்று வாரம் கூட ஆகவில்லை. முகாமில் ஒரு தாயிடம், தண்ணீர் வந்த நேரத்தில் என்ன நினைத்தீர்கள் என்று கேட்டேன். கையில் நோட்டு, பேனா. அவர் அழவில்லை. "நீங்க எட்டாவது ஆளு சார்" என்றார். அதற்குள் என்.ஜி.ஓ., கல்லூரி, டி.வி. என்று ஏழு பேர் வந்து அதையே கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பக்கத்துக் கூடாரத்தில் பிள்ளைகளை உட்காரவைத்து அலைப் படம் வரையச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு பொடியன் வரைந்துமுடித்து, "அக்கா, போன வாரம் வந்தவங்க கலர் பென்சிலை நாங்களே வச்சுக்கலாம்னாங்க. நீங்க?" என்று கேட்டான். அந்தத் தாய் சொன்னதை வைத்து நானும் ஒரு கட்டுரை எழுதினேன். பாராட்டுக் கடிதங்கள் வந்தன. அதை அவருக்கு அனுப்பினேனா? இல்லை. திரும்பிப் போய்ப் பார்த்தேனா? அதுவும் இல்லை. ஆகவே இது மற்றவர்களை நோக்கி மட்டும் நீட்டுகிற விரல் அல்ல.

கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவாக யோசித்திருக்கிறார்கள். மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போருக்கு நடுவில் அங்கேயே இருந்து வைத்தியம் பார்த்தவர். 1993-லேயே ‘மனவடு’ என்று தமிழில் புத்தகம் போட்டார். போர், இடப்பெயர்வு, சுனாமி, மறுபடி போர் என்று ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த ஜனங்களைப் பார்த்து அவர் வந்து சேர்ந்த இடம் முக்கியமானது. தனித்தனி ஆளாகப் பரிசோதித்து நோய்ப் பெயர் எழுதினால் மட்டும் போதாது. காயம்பட்டது குடும்பம், ஊர், ஒருவர்மேல் ஒருவர் வைத்திருந்த நம்பிக்கை. அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார். அதற்கும் பிறகு அந்த ஜனங்களுக்கு கோவிட் வந்தது, 2022-ல் நாடே திவாலானது.

கரிசலிலும் அதுதான். குழுக் கடனில் ஒருத்தி டியூ கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். அதுதான் குழு. 2020-க்குப் பிறகு இந்தத் தெருவில் ஒன்றாகக் குழம்பு மாற்றிக்கொண்டிருந்த இரண்டு வீட்டுப் பெண்கள் பேசிக்கொள்வதில்லை. அந்த அம்மா சொல்லி வருத்தப்பட்டார். "அவ எனக்குச் சித்தி மக. இப்ப எதுக்க வந்தாலும் மூஞ்சத் திருப்பிக்கிடுதா." இதற்கு எத்தனை மார்க்?

இன்னொன்று சொன்னால் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள். எனக்குக் குறி, பேய், கோடாங்கி எதிலும் நம்பிக்கை கிடையாது. 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிவைத்த 28 பேர் தீயில் கருகிய பிறகு, மனநோய்க்கு மந்திரிக்கிறேன் என்று சொல்பவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஆனால் ஒரு கோடாங்கி, குறி கேட்க வந்தவளிடம் முதலில் கேட்பது எது? யார் வீட்டோடு சண்டை, யாருக்குக் கடன் பாக்கி, பிள்ளை எங்கே இருக்கிறான். உடுக்கை அப்புறம்தான். பலிக்காவிட்டால் அடுத்த வெள்ளிக்கிழமை வந்து கேட்கலாம். ஆள் ஊரில்தான் இருப்பார். எம்.ஏ., பி.ஹெச்டி. எல்லாம் படித்துவிட்டு வருகிற நாம் இந்த இரண்டு விஷயத்திலும் அவருக்குக் கீழேதான் நிற்கிறோம்.

அந்தக் கேள்வித்தாளின் ஒன்பதாவது கேள்விக்கு வருகிறேன். அந்த அம்மாவே குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"கடைசியா ஒண்ணு கேட்டுச்சு. செத்துப்போயிரலாமான்னு தோணுச்சான்னு."

"என்ன சொன்னீங்க?"

"இல்லன்னேன்."

கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பக்கத்துல மாமியா உக்காந்திருந்தாக."

பூஜ்யம். அந்தப் பூஜ்யம் எங்கேயோ ஒரு கம்ப்யூட்டரில் ஆயிரம் பூஜ்யங்களோடு சேர்ந்து ஒரு சதவீதமாக ஆகியிருக்கும். அதை வைத்து யாராவது, பரவாயில்லை, கிராமத்துப் பெண்கள் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று எழுதியிருக்கவும் கூடும்.

இந்தக் கேள்வியைக் கேட்கிறவருக்கு ஒரு கடமை இருக்கிறது. ‘ஆமாம்’ என்று பதில் வந்தால் அன்றைக்கே அந்த ஆளை யாரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். இது என் அபிப்பிராயம் அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகளில் நலிந்தவர்களிடம் ஆராய்ச்சி செய்வதற்கும், பேரிடர் காலத்தில் ஆராய்ச்சி செய்வதற்கும் தனித்தனிப் பகுதிகளே இருக்கின்றன. 2017-ல் வந்து 2018-ல் அமலான மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகப் பார்க்காதே, கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகப் பார், சிகிச்சை கொடுப்பது அரசின் கடமை என்கிறது. ஆனால் 2015-16-ல் நிம்ஹான்ஸ் தலைமையில் தமிழ்நாடு உட்பட பன்னிரண்டு மாநிலங்களில் எடுத்த தேசிய மனநல சர்வே சொன்னது என்ன? மனநோய் உள்ளவர்களில், நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேருக்கு சிகிச்சையே எட்டவில்லை. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒரு சின்னக் குழு. பசுவந்தனையிலிருந்து தூத்துக்குடி பெரியாஸ்பத்திரிக்குப் போய்வந்தால் ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசு தனி. மனசுக்கு வைத்தியம் பார்க்கப் போய், அடுத்த புதன்கிழமைத் தூக்கத்தையும் தொலைத்துவிட்டு வர வேண்டும்.

14416 என்று ஓர் எண் இருக்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆரம்பித்த டெலி மானஸ். காசு கிடையாது, தமிழிலும் பேசலாம். இதைப் படிக்கும்போது உங்களுக்கே நெஞ்சு கனத்தாலும் கூப்பிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த அம்மாவுக்கும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "போனு அவுக கையிலல்லா இருக்கும்" என்றார். பிறகு, "ஆபீஸ்ல ஒரு பிள்ளகிட்ட வாங்கிப் பேசுதேன்" என்றும் சொன்னார்.

சிலேட்டோடு வந்த பெண்ணை நான் குற்றம் சொல்லமாட்டேன். அதுவும் ஒரு கூலிதான். சமூகப் பணியோ உளவியலோ படித்துவிட்டு, ஆறு மாத கான்ட்ராக்டில், ஒரு நாளைக்கு இத்தனை படிவம் என்ற கணக்கோடு, வெயிலில் அலைந்திருக்கும். முப்பது வீட்டுத் துக்கத்தைக் கேட்டுவிட்டு ராத்திரி ஹாஸ்டலில் அதற்குத் தூக்கம் வந்ததா என்று யார் கேட்டார்கள்? நான் கேட்பது மேலே உட்கார்ந்து திட்டம் எழுதுகிறவர்களை. உங்களில் யாராவது இருந்தால், அல்லது உங்கள் வீட்டுப் பிள்ளை அந்தப் படிப்பு படித்தால், தயவுசெய்து அடுத்த தடவை ஒரே ஒரு செலவைக் கூடுதலாகச் சேருங்கள்: திரும்பி வருகிற பஸ் செலவு. கண்டுபிடித்ததை அதே திண்ணையில் உட்கார்ந்து, அந்த ஊர் பேச்சில், வாசித்துக் காட்டுங்கள். ‘அப்படியில்ல தாயி, நீ தப்பா எழுதியிருக்க’ என்று அவர்கள் திருத்தட்டும். டியூ என்றைக்கு என்று கேளுங்கள். மாமியாரை எழுந்து போகச் சொல்ல முடியாவிட்டால், தண்ணீர்க் குழாயடியிலோ ஆபீஸ் விட்டு வரும் வழியிலோ வைத்துக் கேளுங்கள். அதற்கு நாளாகும். ஆகட்டுமே! இரண்டு வாரத்தில் முடிக்க வேண்டும் என்று யார் அழுதார்கள்?

பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். எழுந்தேன்.

"அந்தப் பிள்ள நல்ல பிள்ள அண்ணாச்சி" என்றார் அந்த அம்மா திடீரென்று. நான் கோபமாகப் பேசியது அவருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. "அர மணி நேரம் எம்பேச்ச உக்காந்து யாரு கேக்கா? அது கேட்டுச்சு. மறுபடி வாரேன்னு சொல்லிட்டுத்தான் போச்சு. அதான் பேப்பரப் பத்திரமா வச்சிருக்கேன். அந்த நம்பருக்குப் போட்டுப் பாருங்களேன்."

என் செல்லில் போட்டேன். ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னார். நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை என்றது ஒரு பெண் குரல். முதலில் தமிழில், பிறகு இங்கிலீஷில்.

"அந்தப் பிள்ளையா பேசுது?"

"இல்லம்மா. கம்பெனிக் குரல்."

அவர் தாளை வாங்கி, பழைய மடிப்பிலேயே நாலாக மடித்து, ரேஷன் கார்டுக்கும் பாஸ்புக்குக்கும் நடுவில் வைத்துக்கொண்டார்.